வேதாகமக் கதை, நீதிக்கதை, புதிய சிறார் நூல்: பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பது?

தரங்கம்பாடிக்கும் பொறையாற்றுக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில், ஞாயிற்றுப் பள்ளி முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்கள் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. பள்ளியிலிருந்தும் கிளை நூலகத்திலிருந்தும் பிள்ளைகள் எடுத்து வரும் கதைப் புத்தகங்களில் பொய் சொல்லும் பிள்ளை கடைசியில் பாராட்டுப் பெறுகிறது, பேயும் மந்திரமும் வேடிக்கையாக வருகின்றன, பெற்றோர் ஒன்றும் தெரியாதவர்களாகக் காட்டப்படுகிறார்கள், கடவுள் என்ற சொல்லே எங்கும் இல்லை. இவற்றை வீட்டுக்குள் விடலாமா என்பதே அந்தக் கேள்வி. இதை நான் சிறிதும் லேசாக எண்ணவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் கதை எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை இருபது ஆண்டுகளாக அந்த வகுப்பில் கண்டு வருகிறேன்.

எங்கள் குடும்பங்களுக்கு முன்னால் உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆலயப் புத்தகக் கடைகளிலும் கன்வென்ஷன் பந்தல்களிலும் கிடைக்கும் கிறிஸ்தவச் சிறார் நூல்களை மட்டும் கொடுப்பது ஒன்று. நாம் சிறுவயதில் கேட்டு வளர்ந்த நீதிக்கதைகளையும் விகடகவிக் கதைகளையும் கொடுப்பது மற்றொன்று; இதில் ஆபத்து இல்லை என்று பலர் நம்புகிறார்கள். மூன்றாவது, இன்றைய தமிழ்ச் சிறார் நூல்களைக் கொடுப்பது. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வெளியிட்ட சிறு நூல்களும், 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகத் தரும் படக்கதைகளும், துளிகா போன்ற பதிப்பகங்களின் நூல்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றையும் என் மகளுக்கு வாசித்துக் காட்டியவள் என்ற முறையில், தாய்மார்கள் அதிகம் அஞ்சும் பொருளிலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்குகிறேன்.

அந்தப் பொருள் பொய். அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்துக் கூட்டத்தைப் பார்ப்பதற்காக, வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடும் ஒரு சிறுமியின் கதையை என் மகள் சென்ற ஆண்டு எடுத்து வந்தாள். படங்கள் அத்தனை அழகு. சேற்றில் பதிந்த வாத்துக் கால்களின் தடம் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. கடைசிப் பக்கத்தில் அம்மாவுக்கு உண்மை தெரிகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், கதை முடிந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது. பிள்ளையை அடிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏமாற்றப்பட்ட அம்மாவின் முகம் ஒரு நொடியாவது வாடியிருந்தால் போதும் என்று நினைத்தேன். புதிய நூல்களில் ஒரு பகுதியைப் பற்றித் தாய்மார்கள் சொல்லும் குறை இந்த அளவில் நியாயமானதே. போதனை செய்யக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு எழுதுபவர்களில் சிலர், தவற்றினால் இன்னொருவருக்கு ஏற்படும் வலியையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நீதிக்கதைகள் இந்த விஷயத்தில் மேலானவையா? பாட்டி சுட்ட வடையைக் காகம் திருடுகிறது, காகத்தைப் புகழ்ந்து ஏமாற்றி நரி அந்த வடையைத் தின்கிறது, ஏமாந்த காகத்துக்கு அறிவுரை சொல்லிக் கதையை முடிக்கிறோம். உழைத்து வடை சுட்ட பாட்டிக்கு நடந்த நட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. விகடகவிக் கதைகளில் பலவற்றில் அரசனை ஏமாற்றியவனுக்குப் பொற்கிழி கிடைக்கிறது. சாமர்த்தியம் இருந்தால் பொய்க்கும் பரிசு உண்டு என்பதையே இந்தக் கதைகளும் கற்பிக்கின்றன. பழகிய காது என்பதால் நமக்கு உறைப்பதில்லை. இதைச் சொல்வது அக்கதைகளை ஒதுக்குவதற்காக அன்று, புதிய நூலுக்கு வைக்கும் அளவுகோலையே பழையதற்கும் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கிறிஸ்தவச் சிறார் நூல்களில் இந்தக் குறை இருக்காது என்று எண்ணியிருந்தேன். ஐப்பசி அடைமழையில் மின்சாரம் நின்றுபோன ஒரு மாலையில், யாக்கோபின் கதையைச் சொல்லும் மெல்லிய படப்புத்தகம் ஒன்றை என் மகள் எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். தாய் ரெபெக்காள் வெள்ளாட்டுக்குட்டியின் தோலை இளைய மகன் யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் போர்த்துகிறாள், பார்வை மங்கிய தகப்பன் ஈசாக்கு தடவிப் பார்த்து மூத்தவன் ஏசா என்று நம்பி ஆசீர்வதிக்கிறார். அடுத்த பக்கத்தில், யாக்கோபு தேவனுடைய ஆசீர்வாதத்தைப் பெற்றான் என்று புத்தகம் முடிந்துவிட்டது. "பொய் சொன்னவருக்கு ஏம்மா ஆசீர்வாதம் கிடைச்சுது?" என்று அவள் கேட்டபோது, வாத்துக் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்குள் ஒரு கணம் திகைப்பு எழுந்தது.

பிறகு வேதாகமத்தையே எடுத்து, படப்புத்தகம் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து சொன்னேன். ஆட்டுத்தோலால் தகப்பனை ஏமாற்றிய யாக்கோபு வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. ராகேலை மணப்பதற்காக ஏழு ஆண்டு உழைத்தவனிடம் மாமன் லாபான் அவளுடைய அக்காள் லேயாளைக் கொடுத்து ஏமாற்றினான். முதுமையில் அவனுடைய சொந்தப் பிள்ளைகளே யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டியபோது, அருமை மகனை மிருகம் கொன்றுவிட்டது என்று அவனும் நம்பிக் கதறினான். ஆட்டுத்தோலும் ஆட்டு இரத்தமும் என்று நான் சொன்னதும் அவள் விரலை மடக்கி இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். ஆசீர்வாதம் பறிக்கப்படவில்லை, ஆனால் பொய்யின் விளைவும் துடைத்து எறியப்படவில்லை. இவ்வளவு நேர்மையான கதையை எட்டுப் பக்கத்துக்குள் அடக்கி இனிப்பாக முடித்துத் தருவது, மாதிரி மாறாத அச்சுப் படங்களோடு வரும் பல கிறிஸ்தவச் சிறார் நூல்களின் பெருங்குறை. அவற்றில் பல மொழிபெயர்ப்புகள்; ஆட்டிடையன் மஞ்சள் முடியோடு நிற்கிறான், கிறிஸ்துமஸ் அன்று வெண்பனி கொட்டுகிறது. மார்கழிப் பனியில் தெருத்தெருவாகக் கீதபவனி போகும் பிள்ளைக்கு அது வேறு யாருடைய பண்டிகையோ என்று தோன்றினால் வியப்பில்லை.

அடுத்த அச்சம் மந்திரமும் பேயும். குறிசொல்லுதலையும் சூனியத்தையும் வேதாகமத்தின் உபாகமம் 18ஆம் அதிகாரம் கண்டிப்பாக விலக்குகிறது என்பதால் இது வெறும் மனப்பிராந்தி அன்று. ஆயினும் கற்பனையையும் சூனியத்தையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் முட்செடியும் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் பேசிக்கொள்ளும் யோதாமின் கதை நியாயாதிபதிகள் புத்தகத்திலேயே இருக்கிறது; மரம் பேசினால் பாவம் என்று எந்தப் போதகரும் சொல்வதில்லை. ஆவிகளை அழைக்கும் முறையை விளையாட்டுப்போலக் கற்றுத்தரும் புத்தகத்தை நான் வீட்டுக்குள் விடமாட்டேன், அதில் எனக்குத் தயக்கமே கிடையாது. பறக்கும் பாயில் ஏறிக் கொள்ளிடத்தைத் தாண்டும் சிறுவனின் கதையை அதோடு சேர்த்து ஒதுக்குவது தவறு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மந்திரக் கதைக்கு அஞ்சும் வீடுகளிலேயே, சோறு உண்ணாத பிள்ளையைப் புளியமரத்துப் பேய்க்குப் பிடித்துக் கொடுத்துவிடுவதாக மிரட்டும் வழக்கம் இன்றும் இருக்கிறது. புத்தகத்தில் வரும் பேயைவிட அப்பாயி சொல்லும் பேய்க்கே பிள்ளை இரவில் நடுங்குகிறது.

பெரியோரை மதிக்காத பேச்சு புதிய நூல்களில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நான் வாசித்தவற்றில் அது மிகுதி அன்று. கடவுளைப் பற்றிப் பேசாமை வேறு வகையான குறை. பாத்திரத்தின் வீட்டில் பொங்கலும் ரம்ஜானும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளை, உணவுக்கு முன் ஜெபிக்கும் பிள்ளை, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும் பிள்ளை மிக அரிதாகவே கண்ணில் படுகிறது. இதைப் பதிப்பகங்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதோடு நில்லாமல் நம்மில் எழுதத் தெரிந்தவர்கள் எழுதவும் வேண்டும்.

புதிய நூல்கள் மற்ற இரண்டையும் தெளிவாக விஞ்சும் இடங்கள் இரண்டு. முதலாவது உடல் பாதுகாப்பு. நல்ல தொடுதல், தவறான தொடுதல் ஆகியவற்றைச் சிறுபிள்ளைக்குப் புரியும் சொற்களில் விளக்கும் படநூல்களை, கூச்சத்தினால் திருப்பிக் கொடுத்துவிடும் பெற்றோர் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்த பிறகும் இந்தக் கூச்சம் நீங்கவில்லை. பழைய நீதிக்கதையில் இதற்கு இடமே இல்லை. கிறிஸ்தவச் சிறார் நூல்களிலும் நான் தேடிக் கிடைக்கவில்லை. ஆண்–பெண் உறவு, குடும்ப அமைப்பு முதலியவற்றை எந்த வயதில் பேசுவது என்பதைப் பெற்றோர் தங்கள் மனச்சாட்சிப்படி தள்ளிப்போடலாம்; அது அவர்கள் உரிமை. பிள்ளையின் உடலைக் காக்கும் அறிவைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, சக மனிதரை இழிவாகப் பார்க்காமை. கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் குறிப்பிட்ட தொழில் செய்பவர்களையும் கேலிப்பொருளாக்கும் பழக்கம் பழைய கதைகளில் சர்வசாதாரணம். புதிய நூல்களில் நல்லவை அதைத் திருத்தியிருக்கின்றன. சாதியைப் பற்றி நேராகப் பேசும் சிறார் கதை வந்தால் "இது பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று முகம் சுளிக்கும் விசுவாசிகள், பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சைச் சபையில் எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்பதை நினைத்துப் பார்க்கட்டும். நம் விழுமியங்கள் எல்லாக் காலத்திலும் நம்மிடம் பத்திரமாகவே இருந்தன என்று சொல்வதற்கில்லை.

இவ்விடத்தில் எங்கள் ஊர்க் கடற்கரையின் கதை ஒன்று பொருந்தும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஊர் ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பிற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய அவரே, அதற்கு முன்னர் 1708இல் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தம் விசுவாசத்தில் அவர் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழரின் சமயக் கருத்துகளில் பலவற்றைக் கடுமையாக மறுத்தவரும் அவரே. ஆயினும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஓதிய ஏடுகளைத் தாமே வாசித்துத் தெரிந்துகொண்ட பின்னர்தான் ஏற்பதை ஏற்றார், மறுப்பதை மறுத்தார். பாபிலோனில் கல்தேயரின் எழுத்தைக் கற்றுக்கொண்டும் ராஜாவின் போஜனத்தை மறுத்த தானியேலும் இதையே செய்தான். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தில் சோதிப்பதே முதலில் வருகிறது. அட்டையைப் பார்த்தே புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் பெற்றோர் சோதிக்கும் வேலையைச் செய்யவே இல்லை. கிறிஸ்தவப் பதிப்பு என்ற முத்திரையைப் பார்த்து வாசிக்காமல் கொடுத்துவிடும் பெற்றோரும் அதே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

ஆகையால் மூன்றில் எது என்று கேட்பவர்களுக்கு என் தெரிவு இது. ஆறு வயது வரை வேதாகமக் கதையைப் புத்தகத்தில் கொடுப்பதைவிட வாயால் சொல்வதே நல்லது. அந்த வயதுக்குரிய படநூல்களை, வாய்க்காலும் தென்னையும் நம்மூர் முகங்களும் இருக்கும் புதிய நூல்களிலிருந்து எடுக்கலாம். ஏழு முதல் பத்து வரை எந்த வகை நூலானாலும் கூட உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இந்த வயதில் நீதிக்கதைதான் அதிகக் கவனம் கேட்கும் வகை. ஆபத்தில்லை என்று எண்ணி நாம் கண்ணயர்ந்துவிடுவது அதில்தான். அதற்கு மேல், பிள்ளை தானே வாசிக்கட்டும். இரவுச் சாப்பாட்டின்போது கதையைக் கேட்டு வாங்கினால் போதும். நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் வயலிலிருந்து களைத்து வரும் தாய்க்கு இதற்கு நேரம் எங்கே என்று ஒருவர் கேட்டார். வாரத்துக்கு ஒரு புத்தகம், அரை மணி நேரம் என்றே நானும் செய்துவருகிறேன். அதற்கு மேல் என்னாலும் இயலவில்லை.

அந்தத் தாய்க்கு உதவும்படி எங்கள் ஞாயிற்றுப் பள்ளி அலமாரியில் மூன்று வகை நூல்களையும் கலந்தே அடுக்கி, பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். புத்தகத்தை எடுத்துச் சென்று வாசித்த பெற்றோர், திருப்பி வைக்கும்போது தங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுத வேண்டும் என்பது மட்டுமே விதி. யாக்கோபின் படப்புத்தகத்துக்கு எதிரே, "முடிவு பாதியில் நிற்கிறது, ஆதியாகமம் 37 வரை நீங்களே சொல்லுங்கள்" என்று நான் எழுதினேன். வாத்துக் கதைக்கு எதிரே இன்னொரு தாய் எழுதியிருப்பது: "என் மகன் இரண்டு முறை வாசித்தான். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். அழுதிருப்பாங்க என்றான்."