மூன்று நாள் மௌனத் தியானம்: அண்ணரின் பாவங்களைச் சொல்லப் போன கதை

தியான இல்லத்தின் பெயரை எழுதவில்லை, குறை நினைக்காதீர்கள். நல்லதும் சொல்லப் போகிறேன், நுளம்பும் தலையணையும் மெழுகுதிரியும் என்று குறையும் சொல்லப் போகிறேன், எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இளவாலையில் தும்மினால் பண்டத்தரிப்பில் மருந்து சொல்லுவார்கள். தவக்காலத்தில் கோபம், மன்னிப்பு, ஒப்புரவு என்று மூன்று நாள் தியானம் எங்கே நடந்தது என்று உங்கள் பங்குச் சுவாமியைக் கேளுங்கள், அவர் சொல்லுவார்.

நான் ஏன் போனேன் என்று சொல்லாமல் இதற்கு மார்க் போட முடியாது. எனக்கும் அண்ணருக்கும் பங்குக் கிணறு. காணி உறுதியில் கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று தெளிவாக இருக்கிறது. நான் கொழும்பில் வேலையாக இருந்த நேரம் அவர் அந்த வழியை மறித்து மதில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து என் தண்ணீர் முறைக்கு நான் ஒழுங்கையால் சுற்றிப் போகிறேன், ஆறு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பூசைக்குப் போவேன், பாடுவேன். கர்த்தர் கற்பித்த செபத்தில் "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை" மன்னிக்கிறோம் என்ற இடம் வரும்போது மட்டும் எனக்கு ஒரு இருமல் வரும். மனைவிக்கு அந்த இருமலின் காரணம் தெரியும். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது அவள்தான், நான் கையெழுத்து மட்டும் வைத்தேன்.

வெள்ளி பின்னேரம் 4 மணிக்குப் பதிவு. வாசலில் ஒரு கடகம் வைத்திருந்தார்கள், போன்களை அதற்குள் போட வேண்டும். நாற்பது பேருடைய போனும் கடகத்துக்குள் கிடந்து இடைக்கிடை நடுங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறைக்கு இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி. தலையணை கல். யன்னலுக்கு வலை இல்லாததால் முதல் இரவு மன்னிப்பைப் பற்றி நான் யோசித்தது குறைவு, நுளம்பை அடித்ததுதான் கூட. போகிறவர்கள் நுளம்புத்திரியும் ஒரு போர்வையும் கட்டாயம் கொண்டு போங்கள். குளியலறை பின்வளவில் இருக்கிறது, இரவில் டோர்ச் வேண்டும், போனைத்தான் வாங்கிவிடுகிறார்களே.

சாப்பாட்டுக்குக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளி இரவு கஞ்சியும் பச்சை மிளகாய்ச் சம்பலும், சனி காலை புட்டும் கத்தரிக்காய்க் கறியும், மற்ற நேரங்களிலும் அளவான சைவம்தான். ஒருவரோடு ஒருவர் பேசாமல் சாப்பிடும்போது புட்டின் ருசி வேறாகத்தான் இருக்கிறது. மௌனம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் பக்கத்துக் கோயிலில் திருவிழா. சனி முழுக்க லவுட்ஸ்பீக்கரில் நாதஸ்வரமும் தவிலும், இடையில் தொலைந்துபோன ஒரு சைக்கிள் சாவி பற்றிய அறிவித்தலும். இதில் இல்லக்காரர் மேல் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் மௌனம் என்பது நாங்கள் வாயை மூடுவது மட்டும்தான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நடத்தியவர் வயதான ஒரு சுவாமி, மைக் பிடிக்காமல் பேசுகிறவர். நான் எதிர்பார்த்தது "கோபம் கூடாது, அன்பாய் இருங்கள்" என்ற வழக்கமான பிரசங்கம். அவர் எகிப்திய வனாந்தரத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற நாலாம் நூற்றாண்டுத் துறவியில் தொடங்கினார். நீ செபிக்க முழங்காலில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் உன்னை நோகடித்தவனின் முகத்தைக் கோபம் கொண்டுவந்து முன்னால் காட்டும் என்று அந்த மனுசர் எழுதி வைத்திருக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருசமாக எழுந்தேற்றத்தில் சுவாமி அப்பத்தை உயர்த்தும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது சிமெந்து பூசாத ஒரு மதில். 1600 வருசத்துக்கு முதலே ஒருவருக்கு இது தெரிந்திருக்கிறது என்பதே ஒரு ஆறுதல்.

சனி காலை கடன்காரனின் உவமை: அரசன் பெரிய கடனை மன்னித்துவிட்ட ஒருவன், வெளியே போய்த் தனக்கு 100 தெனாரி தர வேண்டியவனின் கழுத்தைப் பிடித்த கதை. கேட்டுக் கேட்டுப் புளித்த கதைதான், ஆனால் அவர் வெள்ளைப் பலகையில் கணக்கே போட்டார். ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரி. அப்படியென்றால் அரசன் விட்டுக்கொடுத்த 10,000 தாலந்து 6 கோடி நாள் கூலி, ஒருவன் ஒரு லட்சத்து அறுபதினாயிரம் வருசத்துக்கு மேல் உழைத்தாலும் கட்டி முடியாது. சரி, இது எல்லாச் சுவாமிமாரும் சொல்லுவது. பிறகு அவர் மற்றப் பக்கத்தில் 100 தெனாரி என்று எழுதி, "இது சின்னக் காசெண்டு ஆரும் நினைக்க வேண்டாம், மூண்டு மாசச் சம்பளம்" என்றார். மற்றவன் எனக்குத் தர வேண்டியது உண்மையான கடன்தான், அதை ஒன்றுமில்லை என்று ஆண்டவரே சொல்லவில்லை என்றார். எனக்குள் ஏதோ இளகியது அந்த இடத்தில்தான். அதுவரை மன்னி மன்னி என்ற எல்லாரும் "ஒரு மதில்தானே, விடு" என்றுதான் சொன்னார்கள். மதில் சின்ன விசயம் இல்லை என்று முதலில் ஒத்துக்கொண்டவர் இவர்.

அடுத்தது பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகிறவன், பாதியில் விட்டுவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற பகுதி. இதில் அவர் காட்டிய இரண்டு விசயத்தை நான் நாற்பத்து நாலு வயதுவரை கவனித்ததில்லை. ஒன்று, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாக்காரர், பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நடையில் மூன்று நாள் தூரம். மடு மாதா கோயிலுக்குப் போய் நேர்த்தியை வைக்கக் கை நீட்டும்போது, வைத்துவிட்டு இளவாலைக்குத் திரும்பி நட என்பது மாதிரி. இரண்டாவது, உனக்கு அவன் மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அதில் இல்லை. அவனுக்கு உன் மேல் ஏதும் இருப்பதாக நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. நான் உடனே வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். ஓம், அப்படித்தான் இருக்கிறது.

பின்னேரம் 109ஆம் சங்கீதத்தைத் தந்து தனியே போய் வாசிக்கச் சொன்னார். எதிரியின் பிள்ளைகள் பிச்சை எடுக்கட்டும் என்கிற அளவுக்குத் திட்டுகிற செபம் அது. உங்கள் திட்டையும் கடவுளுக்கு ஒரு ஒற்றையில் எழுதுங்கள், நாகரிகம் பார்க்க வேண்டாம் என்றார். வேப்பமரத்தடியில் இருந்து மூன்று பக்கம் எழுதினேன். பிறகு அடுத்த வேலை: எழுதியதில் "நான்" என்ன செய்தேன் என்று வரும் இடங்களுக்குக் கீழே கோடு போடுங்கள். மூன்று பக்கத்தில் ஒரு கோடுகூடப் போட இடம் இல்லை. முழுக்க அவர் செய்தது. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். ஏனென்றால் நான் எழுதாமல் விட்டது என்னவென்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பிடிக்காத பகுதியையும் சொல்ல வேண்டும். சனி மத்தியானம் சுவாமியார் அல்லாத ஒரு பொதுநிலை ஊழியர் வந்து பேசினார். மன்னித்தால் அன்றைக்கே போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும், அடிக்கிற புருசனிடமும் மனைவி திரும்பிப் போக வேண்டும் என்கிற மாதிரிப் பேச்சு. பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் எழும்பி வெளியே போனார்கள். நல்லவேளை பின்னேரம் சுவாமி அதைத் திருத்தினார்: மன்னிப்பது என்றால் அடிவாங்கத் திரும்பிப் போவதும் இல்லை, பொலிசில் போட்ட முறைப்பாட்டை எடுப்பதும் இல்லை, வஞ்சம் தீர்க்கும் உரிமையைக் கையால் கீழே வைப்பது மட்டும்தான் என்றார். அடுத்த முறை அந்தப் பேச்சையே எடுத்துவிடலாம்.

கேள்வி நேரத்தில் ஒரு அம்மா எழும்பினார். பிடித்துக்கொண்டு போன மகன் திரும்பி வரவில்லை. "ஆரை மன்னிக்கிறது எண்டு தெரியவேணுமே சுவாமி, ஆளைக் காட்டினா நான் யோசிப்பன்" என்றார். சுவாமி கண்ணாடியைக் கழற்றினார். கனநேரம் பேசவில்லை. "இதுக்கு என்னட்டப் பதில் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு பேச்சும் நடக்கவில்லை. எனக்கு என் மதிலை நினைக்கக் கூச்சமாகப் போய்விட்டது.

இரவு பாவசங்கீர்த்தனம், சுவாமியிடம் தனியே போய்ப் பாவங்களைச் சொல்லுவது. என்னோடு வந்த உடுவில் நண்பன் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், தங்கள் சபையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னால் போதும், இடையில் ஆள் வேண்டாம் என்று வரும் வழி முழுக்க வாதாடினவன். அவனும் "சும்மா கதைக்க" என்று வரிசையில் நின்றான். உள்ளே நடந்ததைச் சுவாமி வெளியில் சொல்லக்கூடாது, நான் சொல்லலாம். ஆறு வருசம் ஆகிறது சுவாமி என்று தொடங்கி, மதில், உறுதி, அம்மாவின் செத்தவீட்டில் அவர் முகத்தைத் திருப்பியது, எல்லாம் ஒரு பத்து நிமிடம் சொன்னேன். அவர் ஒருக்காலும் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "சரி, அண்ணற்ற பாவசங்கீர்த்தனம் முடிஞ்சுது. இனி உம்மட பாவம் ஏதும் இருந்தாச் சொல்லும்" என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சொன்னேன். மதில் கட்டின வருசம் ஒரு இரவு கிணற்றடிக்குப் போய், அண்ணரின் தண்ணீர் இறைக்கிற மிசினில் தண்ணீர் ஊற்றி நிரப்புகிற வாயின் மூடியைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டேன். அது இல்லாமல் மிசின் காற்றைத்தான் இழுக்கும். இரண்டு நாள் அவர் அதோடு மல்லுக்கட்டினார், நட்டு ஒரு கிழமைகூட ஆகாத வெங்காயம் வெயிலில் சுருண்டது. நான் ஒழுங்கையில் நின்று பார்த்தேன். மனைவிக்குக்கூட இது தெரியாது, இதை வாசித்துத்தான் அறியப் போகிறாள்.

அபராதமாக மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். "பிறகு அந்த மூடியை வாங்கிக் குடும்" என்றார். நான்தான் செய்தேன் என்று சொல்லியோ கொடுப்பது என்று கேட்டேன். "மூடி தானா நடந்து போகாது தானே." பிறகு, எப்படி என்பது உம்முடைய விருப்பம், கட்டாயம் இல்லை என்றும் சேர்த்தார். மனஸ்தாபம், அதாவது பாவத்துக்கு மனம் வருந்துவது என்றால் கண்ணீர் என்று நினைத்திருந்த எனக்கு அது ஹாட்வெயார் கடைச் சாமானாக வந்து நின்றது. வேதாகமத்தில் வரி வசூலிக்கிற சக்கேயு, ஏமாற்றி எடுத்ததற்கு நாலு மடங்கு கொடுப்பேன் என்றார், எனக்கு ஒன்றைக் கொடுக்கவே கால் கூசியது.

ஞாயிறு கடைசி நிகழ்வில் விளக்கை அணைத்து, ஓகன் வாசித்து, எழுதிய திட்டுக்களை மெழுகுதிரியில் எரிக்கச் சொன்னார்கள். அழுதவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அது உதவியிருக்கும், எனக்கு நாடகமாகப்பட்டது. என் ஒற்றையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கோடு போடாத மூன்று பக்கம் கையில் இருப்பது நல்லது.

காசு இவ்வளவு என்று கேட்கவில்லை, ஒரு உறை தருகிறார்கள், இயன்றதை வைக்கலாம். வாசல் மேசையில் தோலகட்டி நெல்லி ரசமும் விற்றார்கள், நான் இரண்டு போத்தல் வாங்கினேன். அதைச் செய்வது 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகள். அவர்கள் மௌனத்தையும் செபத்தையும் வாழ்க்கையாகவே வைத்திருக்கிறவர்கள், மூன்று நாளிலேயே நாக்கு அரிப்பெடுத்த எனக்கு அவர்கள் மேல் புது மரியாதை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று வலை இல்லாத யன்னலுக்கும் மத்தியானப் பேச்சுக்கும் போனது. கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். மதிலைக் கண்டால் இன்னும் வருகிறது. எழுந்தேற்றத்தில் இப்போது மதிலோடு சேர்ந்து சுருண்ட வெங்காயமும் வருகிறது.

போன கிழமை சுன்னாகத்தில் மூடி வாங்கிக்கொண்டு அண்ணர் வீட்டு கேற்றில் நின்று, அன்றைக்கு மிசின் மூடியைக் கிணற்றில் போட்டது நான்தான் என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒண்டரை இஞ்சி. அந்த மிசினுக்கு ஒண்டேகால்" என்று திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார், ஒன்றேகால் இஞ்சியில் வேறொன்று வாங்கிவிட்டேன். மேசையில் கிடக்கிறது. புதன்கிழமை அவருடைய தண்ணீர் முறை, விடிய ஐந்து மணிக்கே கிணற்றடியில் நிற்பார்.