சிங்கீதத்தைத் தேடி 149 ரூபாய்

பழைய படங்கள் குவிந்து கிடக்கின்றன என்று விளம்பரம் செய்த ஒரு ஓடிடி ஆப்பில் மாதம் 149 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ் படங்களை ஆண்டு வரிசையில் பார்த்து முடிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். பெயரைத் தட்டினால் நாலு படம் வந்தது. அதில் ஒன்று அவர் எடுத்ததே இல்லை!

இந்த ஆப்புக்குத் தெரிந்ததெல்லாம் ஹீரோ பெயர்தான். கமல் என்று போட்டதும் ராஜ பார்வை, அபூர்வ சகோதரர்கள், மைக்கேல் மதன காமராஜன் எல்லாம் வந்து விழுந்தன. ஆனால் சிங்கீதம் கமலோடு மட்டுமா வேலை பார்த்தார்? 1957இல் மாயாபஜார் படத்துக்கு இயக்குநர் கே.வி. ரெட்டியிடம் உதவியாளராக இருந்தவர், 1974இல் ராஜாஜி கதையை எடுத்துக்கொண்டு திக்கற்ற பார்வதி பண்ணினார், கன்னடத்தில் ராஜ்குமாரை வைத்து ஹாலு ஜேனு, தெலுங்கில் பாலகிருஷ்ணாவை டைம் மெஷினில் ஏற்றி கிருஷ்ணதேவராயர் காலத்துக்கே அனுப்பிய ஆதித்யா 369, அப்புறம் நாகேஷைப் பிணமாக நடிக்க வைத்த மகளிர் மட்டும். எல்லாம் ஒரே ஆள் எடுத்தது என்று ஆப்பில் எங்கேயும் தெரியாது. ஹாலு ஜேனுவைக் கன்னடப் பக்கத்தில் துழாவித்தான் பிடித்தேன், இயக்குநர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

பெரிய கூத்து பேசும் படத்தில்தான். 1987இல் வந்த, வசனமே இல்லாத படம். அதற்குப் போய் 'ஆடியோ மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று கேட்கிறது. சிரித்துக்கொண்டே கன்னடம் என்று அமுக்கினேன்.

படம் நன்றாகத் தெரிகிறது, குறை இல்லை. ஒலியைத்தான் கெடுத்து வைத்திருக்கிறார்கள். சுத்தம் செய்கிறோம் என்று பின்னணிச் சத்தத்தை அப்படியே அமுக்கிவிட்டார்கள் போல. பேசும் படத்தில், சினிமா தியேட்டரை ஒட்டிய அறையில் சண்டைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய கமலுக்கு, நட்சத்திர ஹோட்டலின் அமைதியில் தூக்கம் வராது. போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பிடித்து வந்து, போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். டிஷ்யூம் டிஷ்யூம் காதில் விழுந்தால்தானே அந்த இடத்தில் சிரிப்பு வரும்? இதில் பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி கேட்கிறது. ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை.

திக்கற்ற பார்வதி கடைசி வரை கிடைக்கவில்லை. சிட்டிபாபு இசை, லட்சுமி நடிப்பு, தேசிய விருது வாங்கிய படம், அதற்கே இந்தக் கதி. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, அதே பெயரில் ஒரு பக்திப் படம் பார்க்கலாமே என்று பதில் வந்தது. பார்வதி என்றால் சிவன் பார்வதி என்று நினைத்துவிட்டார்கள்.

ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் மைக்கேல் மதன காமராஜன் பிரின்டுக்கு மட்டும், காமேஸ்வரன் சாம்பாரில் விழும் மீன்கூடப் பளிச்சென்று தெரிகிறது. ஆட்டோ ரினியூவலை நிறுத்தும் பட்டன் செட்டிங்ஸில் மூன்று பக்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது, சேருகிறவர்கள் முதல் நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.