எல்.இ.டி. பின்விளக்கா, பல்பு பின்விளக்கா?

நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு ஆட்டோ முட்டி என் காரின் பின்விளக்கு நொறுங்கியது. வெளிச்சந்தையில் இரண்டு வழி: கம்பெனி விளக்கைப் போலவே பல்பு போடும் செட், அல்லது முழு எல்.இ.டி. செட்.

வேகத்தில் எல்.இ.டி.தான். பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்.இ.டி. பிரேக்கை மிதித்ததுமே எரியும். மதுரை நாற்கரச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அந்த 0.2 நொடி என்பது ஐந்தரை மீட்டர் தூரம். ஒரு கார் நீளத்துக்கும் மேல்!

ஆனால் தொல்லையும் உண்டு. பல்புக்கான இண்டிகேட்டர் ரிலேயில் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சுவிட்ச்) எல்.இ.டி. மாட்டினால், மின்சாரம் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று நினைத்து ரிலே இண்டிகேட்டரைப் படபடவென்று மினுக்கும். கூடுதல் மின்சாரம் இழுக்க ஒரு ரெசிஸ்டர் போடணும், இல்லை ரிலேயை மாத்தணும். உள்ளே ஒரு எல்.இ.டி. போனால் பெரும்பாலும் முழு செட்டுமே வாங்கணும். பல்பு அப்படியா? 21/5 வாட் இரட்டை இழை பல்பு (பிரேக்குக்கு 21, ராத்திரி எரியும் பின்விளக்குக்கு 5) தென்காசி ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், நாமே மாட்டிக்கலாம்.

குற்றாலச் சாரலில் ஓட்டுகிறவர்கள் எதை வாங்கினாலும் சீல் ரப்பரைப் பாருங்கள். பல்பின் சூடு உள்ளே படியும் ஈரத்தைக் கொஞ்சம் காயவைக்கும், எல்.இ.டி.யில் அது குறைவு.

கறுப்புக் கண்ணாடி செட்டையும் கடைக்கார அண்ணாச்சி எடுத்து வைத்தார். "பாக்க ஜோரா இருக்கும்லா!" இருக்கும்தான், பட்டப்பகலில் பிரேக் பிடிப்பது எவனுக்குத் தெரியும்?

ராத்திரி நாற்கரச் சாலையில் அதிகம் ஓடுவதால் நான் சிவப்புக் கண்ணாடி எல்.இ.டி. செட் எடுத்தேன். டவுனுக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்குப் பல்பு போதும்.