312 எப்படி 189 ஆனது? சுகர் முகாமில் நான் ஏமாந்த கதை

ஆறு மாதம் முன்னால் எனக்குச் சுகர் இருப்பது தெரிந்தது. வயது 46, காவேரிப்பட்டணத்தில் சின்னதாக ஹார்டுவேர் கடை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது வெறும் வயிற்றில் 174, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 268. வெறும் வயிற்றில் 126 வந்தாலே சுகர் என்பது கணக்கு. ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 8.6. அது 6.5-ஐத் தொட்டாலே சுகர்தான். டாக்டரம்மா மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும் சாப்பாட்டோடு என்று எழுதிக் கொடுத்தார். எண்களை எல்லாம் கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். பிற்பாடு கண்ணைத் திறந்தது அந்தப் பக்கம்தான்.

முதல் வாரம் மாத்திரை வயிற்றைக் கலக்கியது. ஆணி வாங்க வந்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆனார்கள். "ஆரம்பிச்சா சாகற வரைக்கும் விட முடியாதுண்ணா." "கிட்னி போயிடும்ணா." அந்த நேரம் பார்த்து ஒரு மஞ்சள் நோட்டீஸ் வந்தது. இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம், கல்யாண மண்டபம், ஞாயிறு மதியம் 3 மணி.

அன்று சொந்தத்தில் ஒரு சீமந்தம். பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு நேராக மண்டபத்துக்குப் போனேன். எப்போது சாப்பிட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. விரலில் குத்தினார்கள், 312. அதைத் தாளில் பெரிதாக எழுதி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு என் கையில் கொடுத்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

வெள்ளைக் கோட்டு போட்டவர் பேசினார். இங்கிலீஷ் மாத்திரையை இன்றே நிறுத்தணும், மூன்று மாதம் மூலிகைப் பொடி, அதற்கப்புறம் ஆயுசுக்கும் மருந்து வேண்டாம், அரிசியை விட்டுவிட்டுக் களியை வயிறு நிறையத் தின்னலாம், மாம்பழம்கூடச் சாப்பிடலாம். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிக்காரனிடம் இதைச் சொன்னால் எவன் எழுந்து போவான்? 7,500 ரூபாய் கட்டினேன். ரசீதில் "நன்கொடை" என்று எழுதியிருந்தது. டப்பாவில் உரிம எண்ணும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. இதெல்லாம் காசு போன பிறகு பார்த்தது.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். காலை ஆறரை மணிக்கு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். 189. "பாருங்கண்ணா, 123 குறைஞ்சிருக்கு!" அங்கேயே கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் எடை ஏழு கிலோ இறங்கியது, ராத்திரி நாலு தடவை எழுந்தேன். போன் போட்டுக் கேட்டால், "கழிவு வெளியேறுதுண்ணா, நல்லதுதான்."

மூன்றாம் மாதம், மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா கடைக்கு வந்தார். கல்லாப்பெட்டியில் பழைய அட்டைகள் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டார். (2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடிச் சும்மா வந்த மாத்திரையைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் நான் பொடி வாங்கியிருக்கிறேன்.) முகாம் தாள் இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். என் நோட்டைப் பக்கத்தில் வைத்தார்.

"ஏண்ணா, இது பாயசம் குடிச்ச வயிறு, இது வெறும் வயிறு. ரெண்டையும் எப்படிக் கழிச்சுப் பார்த்தீங்க? வெறும் வயித்துல மொதல்ல 174, இவங்க பார்த்தது 189. கூடித்தான இருக்கு?"

கடையில் தினமும் கணக்குப் பார்க்கிறவன் நான். பதில் பேச வாய் வரவில்லை.

மறுநாள் எடுத்த ஹெச்பிஏ1சி 10.9. மாத்திரை கிட்னியைக் கெடுக்குமோ என்ற பயத்தை டாக்டரம்மாவிடமே கேட்டேன். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரைதான் என்றார். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் மெட்ஃபார்மின் அளவை முடிவு செய்வோம் என்றும் சொன்னார். கேழ்வரகும் மாவுப்பொருள்தான், உருண்டை சின்னதாக இருக்கட்டும் என்றார். நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லை. அரசு ஆஸ்பத்திரி சித்தா டாக்டரையும் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தச் சொல்பவனை நம்பாதீர்கள் என்றுதான் அவரும் சொன்னார். சர்க்கரை நோயைக் குணமாக்குகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பணத்தைக் கேட்டுப் போன் செய்தேன். நான் பத்தியத்தை மீறிவிட்டேனாம். நன்கொடையைத் திருப்பித் தர முடியாதாம். அதற்கப்புறம் அந்த எண் எடுக்கவே இல்லை.

இப்போது மாத்திரை, சாயங்காலம் ஆற்றுப்பாலம் வரை நடை, மதியம் அளந்து வைத்த சோறு. வெறும் வயிற்றில் 138 வரை வந்திருக்கிறது.

போன வாரம் காரிமங்கலம் போனபோது டீக்கடைச் சுவரில் அதே மஞ்சள் நோட்டீஸ். பெயர் வேறு, மண்டபம் வேறு. ஞாயிறு மதியம் 3 மணி. கீழே ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்: "மதிய உணவு சாப்பிட்டுவிட்டு வரவும்."