பள்ளி திடீரென மூடப்பட்டால்: அரசுப் பள்ளியா, வேறு தனியார் பள்ளியா, திறந்தநிலைப் பள்ளியா?

கல்வியாண்டின் நடுவில் ஒரு மெட்ரிக் பள்ளியின் வாயிற்கதவில் பூட்டும் ஒரு தாளும் மட்டும் தொங்க, கட்டண ரசீதோடு நிற்கும் பெற்றோர் முதலில் கேட்பது ‘கட்டிய பணம் என்னாகும்?’ என்பதுதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் அதைவிட அவசரமானது பிள்ளையின் ‘எமிஸ்’ பதிவு, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பட்டியலில் உள்ள பதிவு. பழைய பள்ளி அதைக் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். நிர்வாகம் கைவிரித்தால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் அன்றே மனுக் கொடுப்பது நல்லது.

வேறு தனியார் பள்ளியில் சேர்ப்பதன் நன்மை, பழகிய சூழல் பெரிதாக மாறாது என்பதே. ஆனால், ஆண்டின் நடுவில் இடம் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் இன்னொரு முறை கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். மாற்றுச் சான்றிதழையும் அங்கு கேட்பார்கள். எட்டாம் வகுப்பு வரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு மாறும் பிள்ளைக்கு, சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது.

அரசுப் பள்ளியைப் பலர் கடைசி வழியாகவே நினைக்கிறார்கள். நான் அதை முதலில் வைப்பேன். சமச்சீர் கல்வி வந்த பிறகு, மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்த அதே பாடநூல்தான் அங்கும். பல பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருந்தால் இந்த இழப்பே ஒரு வாய்ப்பாகலாம்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மாறும் பிள்ளைக்குப் பொதுவாக அது கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு; ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் அவர்களுக்கு அது கிடைக்கும். சிபிஎஸ்இ பள்ளியிலிருந்து வருபவர்களுக்குப் பாடத்திட்டமும் மாறுவதால், முதல் சில மாதங்கள் கூடுதல் துணை தேவைப்படும்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். உடல்நலக் குறைவாலோ தீவிர விளையாட்டுப் பயிற்சியாலோ தினமும் பள்ளிக்குப் போக இயலாத பிள்ளைக்கு அது பொருந்தும். அன்றாட வகுப்பும் தோழர்களும் தேவைப்படும் பதின்வயதுப் பிள்ளையை வீட்டில் தனியே உட்கார்ந்து படிக்க விடுவதை என் மனம் ஏற்கவில்லை.

பத்து, பன்னிரண்டாம் வகுப்பினர் விஷயத்தில் மட்டும் வேறெதையும் ஒப்பிட நேரமில்லை. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் இறுதியாகும் முன், அதே பாடப்பிரிவு உள்ள பள்ளி அரசுடையதோ தனியாருடையதோ, எதில் முதலில் இடம் கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிட வேண்டும்.