நம்பிக்கை இழந்தவரின் ஆங்கிலம்: களியக்காவிளையில் ஒரு செவிலியர் வகுப்பு

வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதும் செவிலியர்களுக்கென்று களியக்காவிளையிலும், கேரள எல்லையைத் தாண்டிப் பாறசாலையிலும் மாலை நேர ஆங்கில வகுப்புகள் பல நடக்கின்றன. அவற்றுள் ஒன்றில் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், வார்டு வேலை முடிந்த கையோடு பேருந்து ஏறிப் போய்ப் படித்தேன். கட்டணம் 7,500 ரூபாய். இலக்கணமும் கடிதம் எழுதும் பயிற்சியும் மற்ற மையங்களில் இருப்பவை போலத்தான் இருந்தன. நான் எழுத விரும்புவது, நான்காம் வாரத்தில் தொடங்கி மூன்று வாரம் நீடித்த ஒரு பாடத்தைப் பற்றி: நோயாளி மனம் விட்டுப்போய்ப் பேசும்போது, அந்த ஆங்கிலத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு உரையாடல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் தயாராகலாம். பிறகு ஏறத்தாழ 5 நிமிடம், நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவரோடு பேச வேண்டும். உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் மட்டுமன்றி, எதிரில் இருப்பவரின் கவலையைப் புரிந்துகொண்டு அதை ஒட்டிப் பேசுகிறோமா என்பதற்கும் மதிப்பெண் இருக்கிறது. ஆகவே அவர் வாயிலிருந்து வரும் ஒரு சிறு தொடரைத் தவறவிட்டால், அதற்குப் பின் எவ்வளவு சரளமாகப் பேசினாலும் பயனில்லை.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பைரல் போட்டுக் கொடுத்த பாடப் புத்தகத்தில் இந்தப் பகுதி ஒரு சொற்பட்டியலோடு தொடங்குகிறது. டெஸ்பேர், டெஸ்பாண்டன்சி, டிஜெக்‌ஷன், ஹோப்லெஸ்னஸ் என்று ஒரு பக்கம் நிறைய வருகிற சொற்களுக்கு எதிரே, ‘விரக்தி’ அல்லது ‘மனச்சோர்வு’ என்ற இரண்டே தமிழ்ச் சொற்கள் மாறி மாறி அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைப் படித்து யாருக்கும் எதுவும் விளங்காது. நல்ல வேளையாக, எங்களுக்கு வந்த ஆசிரியை அந்தப் பக்கத்தை முதல் நாளே மூடி வைக்கச் சொன்னார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். “இந்தச் சொற்களை ஒரு நோயாளியும் உங்களிடம் சொல்லப் போவதில்லை” என்று தொடங்கி, அவர் அந்த மாலையில் சொல்லிக் கொடுத்ததுதான் இந்த வகுப்பின் மதிப்பு என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் கனமான சொற்கள் அன்றாடப் புழக்கத்தில் தேய்ந்து இலேசாகிவிட்டன. டெஸ்பேர் என்பதற்கு லத்தீனில் நம்பிக்கையிலிருந்து விலகிப் போதல் என்று பொருள். அதே வேரில் பிறந்த டெஸ்பரேட் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, “ஐயாம் டெஸ்பரேட் ஃபார் எ கப் ஆஃப் டீ” என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தேநீர் வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. “ஐயாம் ஹோப்லெஸ் அட் குக்கிங்” என்பவர் வாழ்க்கையில் நம்பிக்கை இழந்தவர் அல்லர். அவருக்குச் சமைக்க வராது, அவ்வளவுதான். மகனைப் பற்றி “ஐ டெஸ்பேர் ஆஃப் ஹிம்” என்று சொல்லும் தாய், நம் ஊரில் “இவன வச்சிகிட்டு நான் என்ன செய்யட்டு” என்று அலுத்துக்கொள்ளும் தாய்தான். உண்மையிலேயே உடைந்துபோனவரோ, குறிப்பாக வயது முதிர்ந்த ஆங்கிலேயர், மிகச் சிறிய சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறார். “எ பிட் லோ” (மனசு கொஞ்சம் சரியில்லை), “மஸ்ட்ண்ட் கிரம்பிள்” (முணுமுணுக்கக் கூடாது), “ஐ டோண்ட் வாண்ட் டு பி எ பாதர்” (யாருக்கும் தொந்தரவாக இருக்க விரும்பவில்லை), “வாட்ஸ் த பாயிண்ட்” (இதனால் என்ன பயன்) என்று வரும். இவற்றில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதால்தான் நாம் இவற்றைக் கவனிக்காமல் கடந்துபோகிறோம்.

இதைச் சொல்லிவிட்டு, ஆசிரியை ‘எனிமோர்’ (இனியும்) என்ற ஒரே சொல்லுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் செலவிட்டார். தேநீர் பிடிக்காது என்பது ஒருவரின் ருசி; முன்பு பிடித்த தேநீர் இப்போது பிடிக்கவில்லை என்பது செய்தி. வாக்கியத்தின் கடைசியில், குரல் தாழ்ந்து, காதில் விழாமலே போகக்கூடிய அந்தச் சொல்தான் இரண்டையும் பிரிக்கிறது. தோட்ட வேலை, பேரப் பிள்ளைகள், தேவாலயம் என்று நோயாளி எதைப் பேசினாலும் அது இறந்த காலத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள் என்றார். இவ்வளவு நுட்பமான பாடத்தை நான் கல்லூரியில்கூடக் கேட்டதில்லை.

உவமைத் தொடர்களை விளக்கிய விதமும் மனத்தில் நிற்கிறது. “அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்” என்ற தொடரை எழுதிவிட்டு, கரும்பலகையில் ஒரு முளையும், கயிறும், கயிற்றின் நுனியில் ஓர் ஆடும் வரைந்தார். டெதர் என்பது மேயும் ஆட்டைக் கட்டும் கயிறு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் காலையில் கட்டிவிட்ட ஆடு, மதியத்துக்குள் கயிறு எட்டும் வட்டம் முழுவதையும் மொட்டையாக்கிவிட்டு, வட்டத்துக்கு வெளியே நிற்கும் பச்சைப் புல்லுக்காகக் கழுத்து இறுக நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நோயுற்ற கணவரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மனைவி இத்தொடரைச் சொன்னால், அவர் சாக விரும்புகிறார் என்று உடனே கொள்ளக் கூடாது, அவருடைய கயிற்றின் நீளம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்து முளையை மாற்றி அடிக்க வேண்டும் என்பதே பொருள் என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பே அமைதியாக இருந்தது. ‘ஃபெட் அப்’ என்பதற்கோ அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எல்லைக்கு இருபுறமும் நாங்கள் சொல்லும் ‘மடுத்து’ (சலித்துப்போயிற்று) அதுவேதான். சர்ச்சில் தம் மனச்சோர்வைக் கருப்பு நாய் என்று குறிப்பிட்டதையும், அவருக்கு முன்பே 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதே சொல்லை ஆண்டதையும் போகிற போக்கில் சொன்னார்.

எங்களைப் போன்ற தமிழ் மாணவிகள் அதிகம் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. ஹோப், ஃபெய்த், டிரஸ்ட் மூன்றுக்கும் நாம் பேச்சில் ‘நம்பிக்கை’ என்றே சொல்கிறோம். பயிற்சி உரையாடல் ஒன்றில், நோயாளியாக நடித்தவர் “ஐ ஹேவ் லாஸ்ட் ஃபெய்த் இன் திஸ் டிரீட்மெண்ட்” என்றார். நான் அதை மனத்துக்குள் ‘நம்பிக்கை இழந்துவிட்டேன்’ என்று மாற்றிக்கொண்டு, வாழ்க்கையைப் பற்றி ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் சொன்னது மருந்து வேலை செய்யவில்லை என்ற முறையீடு மட்டுமே. மலையாளத்தில் பிரதீக்ஷ என்றும் விஸ்வாசம் என்றும் சொல் தனித்தனியாக இருப்பதால், பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் இதில் இடறவில்லை. ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று கொரிந்தியர் நிருபத்தில் நாங்களே சிறு வயது முதல் வாசித்த பிரிவு, அந்தப் பயிற்சியின்போது நினைவுக்கு வராமல் போயிற்று. புத்தகத்தில் தமிழ் மாணவிகளுக்கென்று இதைப் பற்றி அரைப் பக்கமாவது சேர்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தின் மூன்றாம் வாரம், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற வினாப் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். கடந்த 2 வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று 9 கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, மொத்தம் 27-க்குக் கணக்கிடுவது அது. இரண்டாவது கேள்வியில் டவுன், டிப்ரெஸ்டு, ஹோப்லெஸ் என்ற மூன்றும் அடுத்தடுத்து வருவது, சொற்பட்டியலை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் காட்டிவிடுகிறது. ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்று நேரடியாகவே கேட்கிறது. இதைக் கேட்க எங்களில் பலருக்கு நாக்கு எழவில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதையும், கேட்கும் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஆசிரியை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தற்கொலையைக் குறிக்கும்போது ‘கமிட்’ என்ற வினையைத் தவிர்க்கச் சொன்னதற்கும் காரணம் விளக்கினார்: இங்கிலாந்தில் 1961 வரை அது குற்றம், குற்றத்துக்கு உரிய வினை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு நன்றாக நடத்தப்பட்ட பாடத்துக்குப் பின், மாதிரி விடைத் தாளில் “டோண்ட் வொரி, எவ்ரிதிங் வில் பி ஃபைன்” என்று அச்சிட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. எதுவும் சரியாகாது என்று சொல்பவரிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று பதில் சொன்னால், நாம் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் தாள் மாற்றப்படவில்லை. ஒலிப்பதிவுகளின் தரமும் மோசம். தாழ்ந்த குரலைக் கேட்கப் பழக வேண்டிய பாடத்தில், அந்தக் குரலே இரைச்சலில் அமிழ்ந்து போகிறது. இத்தகைய பேச்சை நாள் முழுவதும் கேட்கும் செவிலியர் தம் மனத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. நம் நாட்டின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ ஆசிரியைதான் தாமாகப் பலகையில் எழுதினார். புத்தகத்தில் அது இல்லை.

வகுப்பு முடிந்த மறு வாரம், எங்கள் வார்டில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பாட்டி, மதியக் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, “எனக்கு இனி ஒண்ணும் வேண்டாம் மக்களே” என்றார். முன்பென்றால் “அப்படியெல்லாம் சொல்லக் கூடாது பாட்டி” என்று கரண்டியை வாயருகே கொண்டு போயிருப்பேன். அன்று அந்த ‘இனி’ காதில் நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எத்தன நாளாட்டு பாட்டி இப்பிடித் தோணுது?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கி, கஞ்சி ஆறி ஏடு படியும் வரை பேசினார்.

சேர விரும்புவோர், சொற்பட்டியலையும் மாதிரி விடையையும் விட்டுவிட்டு, இந்த ஆசிரியை எடுக்கும் அணி எது என்று முன்கூட்டியே கேட்டுச் சேருங்கள். மாலை ஐந்தரை மணி அணியில்தான் அவர் வருகிறார். ஆறு மணி அணிக்கு வேறொருவர்.