விற்பனை வரி ஏறினால் வீட்டு வியாபாரிக்கு எது லாபம்: கம்பெனி கட்டும் வரியா, சொந்த பெர்மிட்டா?

2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மாநில விற்பனை வரி 4.45 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக ஏறியது. கடைக்காரர் பில் மெஷினில் விகிதத்தை மாற்றினால் அவர் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. ஒரு கம்பெனியிடம் அழகு சாதனம், சமையலறைச் சாமான் என்று வாங்கி, வீட்டிலிருந்து நேரடி விற்பனை செய்யும் பெண்களுக்கு அப்படி இல்லை. அவர்களில் பலர் வாடிக்கையாளரிடம் வரியை வாங்குவதற்கு முன்பே அதைக் கம்பெனியிடம் கட்டிவிடுகிறார்கள். அதுவும் பொருள் உண்மையில் விற்கும் விலைக்கு அல்ல, கேட்டலாக்கில் அச்சடித்திருக்கும் விலைக்கு.

அங்கே இருக்கும் என் தோழி ஒருவருக்கு நான் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். வரி ஏறிய பிறகு வந்த முதல் இன்வாய்ஸை எனக்கு அனுப்பி, "இது என்ன, 20 டாலர் சாமானுக்கு 4 டாலர் வரியா?" என்று கேட்டார். 20 டாலர் என்பது அவர் கம்பெனிக்குக் கொடுக்கும் விலை. அந்த லோஷனின் கேட்டலாக் விலை 40 டாலர். மாநிலம் 5, அவருடைய பாரிஷ் (லூசியானாவில் மாவட்டத்துக்கு அப்படிப் பெயர்) 5, ஆக 10 சதவீதம். 40 டாலருக்கு வரி 4 டாலர். கணக்கு சரிதான். முன்பு மொத்தம் 9.45 சதவீதமாக இருந்தபோது இதே லோஷனுக்கு வரி 3 டாலர் 78 சென்ட் இருந்திருக்கும், அவர் கவனித்ததில்லை.

இந்த ஏற்பாடு கம்பெனியின் தந்திரம் இல்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் தனித்தனியாக வரி வசூலிப்பது மாநிலத்துக்குச் சிரமம். அதனால் பல மாநிலங்களில் கம்பெனியே விற்பவரிடம் முன்கூட்டி வசூலித்துக் கட்டுகிறது. டெக்சாஸில், நேரடி விற்பனை நிறுவனத்துக்காக விற்பவர் தனியாக பெர்மிட் (விற்பனை வரி வசூலிக்க மாநிலம் தரும் அனுமதி) எடுக்கத் தேவையில்லை, வரிக்குப் பொறுப்பு நிறுவனமே என்று விதியே சொல்கிறது.

இப்போது இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கம்பெனி வழியில், லோஷனை முழு விலைக்கு விற்றால் சிக்கலே இல்லை. 4 டாலர் கட்டினீர்கள், 4 டாலர் வாடிக்கையாளரிடமிருந்து வந்துவிடும். ஆனால் நேரடி விற்பனையில் முழு விலைக்கு எத்தனை பொருள் போகிறது? தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே லோஷனை 30 டாலருக்குக் கொடுத்தால் வாடிக்கையாளரிடம் 3 டாலர்தான் வரி கேட்க முடியும். மீதி 1 டாலர் உங்கள் கையிலிருந்து போகிறது. 10 டாலர் லாபத்தில் 1 டாலர் என்பது சின்னத் தொகை இல்லை.

சொந்த பெர்மிட் இருந்து, கம்பெனியும் உங்கள் மறுவிற்பனைச் சான்றிதழை (சரக்கை விற்கத்தான் வாங்குகிறேன் என்று காட்டும் தாள்) ஏற்றுக்கொண்டால், வரி இல்லாமல் சரக்கு எடுக்கலாம். 30 டாலருக்கு விற்றால் 3 டாலர் வாங்கி, அதே 3 டாலரை அரசுக்குக் கட்டுவீர்கள். லாபம் முழுசாக 10 டாலர். பொருள் காட்டி விற்கும் பார்ட்டி நடத்த இடம் கொடுத்தவருக்கு அதே லோஷனைப் பரிசாகக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியும். கம்பெனி வழியில் 4 டாலர் ஏற்கெனவே போய்விட்டது. சொந்த பெர்மிட்டில், வாங்கிய விலையான 20 டாலருக்கு மட்டும் 2 டாலர் கட்டினால் போதும்.

என் தோழி மாதம் சுமார் 20 பொருளை இப்படிக் குறைத்து விற்கிறார், 3 பொருளைப் பரிசாகக் கொடுக்கிறார். எல்லாம் இதே விலைப் பொருள் என்று வைத்துக்கொண்டால், சொந்த பெர்மிட்டோடு ஒப்பிடும்போது அவருக்கு மாதம் 26 டாலர் கூடுதலாகப் போகிறது. வரி ஏறுவதற்கு முன்பு இதே கணக்கு 24 டாலர் 57 சென்ட். அதாவது வரி உயர்வு சேர்த்தது ஒன்றரை டாலர்கூட இல்லை. ஓட்டை முன்பே இருந்தது. வரி ஏறியதால்தான் அவர் இன்வாய்ஸைப் பிரித்துப் பார்த்தார். இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஆற்றாமையாக இருந்தது, எத்தனை வருடம் இப்படிப் போயிருக்கிறது என்று.

அப்படியானால் உடனே பெர்மிட் எடுத்துவிடலாமா? இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிஃபோர்னியாவில் விற்பவர் பெர்மிட்டுக்குக் கட்டணம் இல்லை, மாநில வரியும் மாவட்ட வரியும் ஒரே இடத்தில் கணக்குக் காட்டப்படும். லூசியானாவில் மாநிலத்துக்குத் தனி, பாரிஷுக்குத் தனி. ஆன்லைனில் பாரிஷ் கணக்கைக் கொடுக்க வசதி இருந்தாலும், பதிவு, தாக்கல், கடைசித் தேதி எல்லாம் இரட்டை வேலை. மாநிலக் கணக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஒன்றுமே விற்காத காலத்துக்கும் பூஜ்யம் போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும், மறந்தால் நோட்டீஸ் வரும். பக்கத்துப் பாரிஷில் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த ஊர் விகிதம். வருடம் 312 டாலர் மிச்சம் பிடிக்க இவ்வளவு வேலை தாங்குமா என்பதுதான் கேள்வி.

என் கருத்து இது: விற்பனையில் பாதிக்கு மேல் தள்ளுபடியில் போனால், கணக்கு எழுதும் பழக்கமும் இருந்தால், பெர்மிட் எடுப்பது நல்லது. பெரும்பாலும் முழு விலைக்கு விற்பவர் கம்பெனி வழியிலேயே இருக்கலாம். எதுவானாலும், முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பெர்மிட் வைத்திருந்தாலும் தனிநபர் சான்றிதழை ஏற்காத கம்பெனிகள் உண்டு. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது வழியும் இருக்கிறது. உங்கள் லிங்க் மூலம் வாடிக்கையாளரே ஆர்டர் போடுவது. கம்பெனி உண்மை விலைக்கு வரி போட்டு அனுப்பும், உங்களுக்குக் கமிஷன் வரும். வரித் தலைவலி இல்லை. ஆனால் சில கம்பெனிகளில் கமிஷன், கையில் சரக்கு வைத்து விற்கும் லாபத்தைவிடக் குறைவு. ஒன்றிரண்டு பொருள் வாங்கும் தூரத்து வாடிக்கையாளருக்கு இதுவே போதும்.

வரி ஏறும் தேதிக்கு முன் சரக்கை வாங்கிக் குவித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வேண்டாம். கேட்டலாக் விலையில் 1,000 டாலர் சரக்குக்கு மிச்சமாவது 5 டாலர் 50 சென்ட். அதற்காக 500 டாலரை கிரெடிட் கார்டில் போட்டால், 20 சதவீத வட்டியில் ஒரு மாதத்துக்கே 8 டாலருக்கு மேல் போய்விடும். இன்னொன்று: பழைய விகிதத்தில் வரி கட்டிய சரக்கைப் புதிய விகிதத்தில் விற்று, நடுவில் நிற்கும் சில்லறையை வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். வரி என்று சொல்லி வாங்கிய பணம் வரியாகவே போக வேண்டும் என்பதுதான் பொதுவான விதி.

வரியை நாமே ஏற்றுக்கொண்டு "வரி சேர்த்து 40 டாலர்" என்று சொல்லலாமா? வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. 2018 ஜூனில் வேஃபேர் என்ற ஆன்லைன் கடையின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வெளிமாநில ஆன்லைன் கடைகளும் வரி வாங்குகின்றன. 40 டாலருக்கு 22 சென்ட் ஏற்றம் எல்லோரிடமும் ஒன்றுதான். பில்லில் பொருள் விலையைத் தனியாக, வரியைத் தனியாக எழுதுங்கள். என் தோழி இப்போது அப்படித்தான் எழுதுகிறார், இன்னும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தள்ளுபடி விலையையும் 30 டாலரிலிருந்து 32 டாலருக்கு மாற்றியிருக்கிறார். பெர்மிட்டைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர வேண்டும்.